சான்றிதழ் இல்லாத கம்பெனியிலும் சம ஊதியம் கேட்கலாம்

‘சம ஊதியச் சான்றிதழ் வாங்கிய கம்பெனியில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கேட்க முடியும்’ என்று ஓசூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. அந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது ஐஸ்லாந்தில் 2018-ல் அமலுக்கு வந்த சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த நிறுவனங்களுக்காக வந்தது. இங்கே இந்தியாவில் 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் இருப்பது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவு. அது எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை.

ஏமாற்று பெரும்பாலும் பதவிப் பெயரில்தான் ஒளிந்திருக்கும். ஒரே அசெம்பிளி லைனில் ஒரே ஸ்க்ரூவை முடுக்கும் ஆண் ‘ஆபரேட்டர்’, பெண் ‘ஹெல்ப்பர்’. சட்டம் பார்ப்பது திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றைத்தான். எனவே சம்பளச் சீட்டில் அடிப்படை, பஞ்சப்படி, இன்சென்டிவ் என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். சமப்படுத்துகிறோம் என்று ஆணின் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. அதையும் அதே பிரிவு தடுக்கிறது.