டர்ஃபுக்குத் தண்ணி விடுங்க, டீமுக்குத் தண்ணி காட்டாதீங்க!

2023 ஆகஸ்ட், சென்னை எழும்பூர். ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஹாக்கி ஃபைனல்ல 1-3ன்னு பின்தங்கிக் கிடந்த இந்தியா மலேசியாவை 4-3ன்னு சாய்ச்சப்போ ஊரே துள்ளுச்சு. 2025 கடைசியில ஜூனியர் உலகக் கோப்பையும் இங்கயும் மதுரையிலயும் நடந்துச்சு. சந்தோஷம். ஆனா உள்ளூர் டிவிஷன் மேட்ச்னா மட்டும் ஏன்யா மத்தியானம் 2 மணி ஸ்லாட்டும், காஞ்ச டர்ஃபும் (செயற்கைப் புல்தரை)? கேட்டா "மோட்டார் ரூம் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு". வாட்ச்மேன் எங்க? சாப்பிடப் போயிட்டார்.

தண்ணி விடுறது அழகுக்கு இல்ல. வாட்டர் டர்ஃப்ல மணல் கிடையாது, வழுக்கலைக் குடுக்கிறதே அந்த ஈரந்தான். அது காஞ்சா உராய்வு ஏறி, 160 கிராம் பந்து ஓடாது, தத்தும். புது ரக டர்ஃபுக்குத் தண்ணி கம்மியாப் போதும்தான். கம்மின்னா சுத்தமா வேண்டாம்னு அர்த்தமா?

பெனால்டி கார்னரை, அதாவது எதிரணி தப்புக்குக் கிடைக்கிற கோல் வாய்ப்பைப் பாருங்க. கோல் போஸ்ட்ல இருந்து 10 மீட்டர் தள்ளி நின்னு இன்ஜெக்டர் சரியாத்தான் தள்ளுறான். கோலுக்கு முன்னாடி இருக்கிற 'டி' வட்டத்தோட உச்சியில, பந்தை நிறுத்த வேண்டிய ஸ்டாப்பர் ஸ்டிக்கைப் படுக்க வச்சுக் காத்திருக்கான். கடைசி ஒரு மீட்டர்ல பந்து ஒரு குதி குதிச்சு ஸ்டிக்கைத் தாண்டிடும். கார்னர் காலி! பந்து நின்னாலும் டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கால இழுத்துச் சுண்டுற ஷாட்) வராது. ஸ்டிக் நறநறன்னு தரையைப் பிடிக்கும், பந்து பாதியிலயே நழுவி, தடுக்க ஓடி வர்ற ஃபர்ஸ்ட் ரன்னரோட முட்டியில எகிறும். மாஸ்க்கும் முட்டி கார்டும் பாதி டீமுக்கு முழு செட் கிடையாது, அது வேற கதை.

சறுக்கி டேக்கிள் போட்டா முழங்கால் தோல் டர்ஃப்லயே ஒட்டிக்கும். உடம்பு திரும்பும், ஷூ திரும்பாது, கணுக்கால் போச்சு. ஸ்டிக்கோட ஹூக் ஓரம் தேய்ஞ்சு ஒரே சீசன்ல கார்பன் இழை வெளிய எட்டிப் பார்க்கும். அந்த ஸ்டிக்கை வாங்கினவன் வீட்ல கேட்டுப் பாருங்க, அது எத்தனை மாசச் சேமிப்புன்னு.

கணக்கு ஒண்ணும் ராக்கெட் விடுற கணக்கு இல்ல. மைதானம் 91.4க்கு 55 மீட்டர், சுமார் 5,000 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் நனைக்க 10,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரி. கோடையில 2 மணி வெயிலுக்கு அது ரெண்டு குவார்ட்டர், அதாவது பாதி ஆட்டம், தாங்கினாலே பெரிசு. அதே மேட்ச்சைக் காலையில 6.30க்குப் போட்டா வார்ம்-அப்புக்கு முன்னாடி ஒரு தடவை, ஹாஃப் டைம்ல லேசா ஒரு தடவை, போதும். போர் தண்ணி உப்பா இருந்தா வாரம் ஒரு நாளாவது நல்ல தண்ணியில அலசணும், இல்லேன்னா உப்பு படியும். ஆனா 6.30 ஸ்லாட் எப்பவும் "ரிசர்வ்டு". யாருக்கு? கேக்கக்கூடாது.

"நாங்கல்லாம் கட்டாந்தரையில ஆடலையா?"ன்னு ஒரு பெரிசு கட்டாயம் வருவார். ஆடினீங்க ஐயா. 1976 மாண்ட்ரியல்ல ஒலிம்பிக்ஸ் முதல் முறையா செயற்கைத் தரைக்குப் போச்சு, நமக்கு ஏழாவது இடம். ஆடுற தரை ஒண்ணு, பழகுற தரை வேறன்னா அதுதான் நடக்கும். இப்போ நனைஞ்ச டர்ஃப்ல ஆடப் போற பசங்களைக் காஞ்ச டர்ஃப்ல பழக்குறோம்.

தண்ணி இல்லேன்னா முந்தின நாளே சொல்லுங்க, நேரத்தை மாத்திக்கலாம். அதுவும் முடியாதா? சாவி யார்கிட்ட இருக்குன்னாவது ஃபிக்ஸ்சர் ஷீட்ல (மேட்ச் அட்டவணையில) அச்சடிங்க.