முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்கு, டெக்சாஸிலிருந்து

டாலஸ் பக்கம் எங்கள் வாட்ஸப் குழுவில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். "வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், கையில அறுநூறு டாலர் இருக்கு, எது நல்லது?" உடனே ஆளுக்கொரு மாடல் பெயர் சொல்வார்கள். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எச்1பி, எல்1, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் இங்கே ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, வேறு சில சின்ன விலக்குகளும் உண்டு. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வைத்திருப்பது மட்டுமில்லை. துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் அதே கணக்குத்தான். வாரக் கடைசியில் கூட்டமாகப் போய்ச் சுட்டுவிட்டு, கண்ணாடி மாட்டிய படத்தை இங்கேயே போடும் தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். கடையில் தரும் 4473 படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்வியை அவசரத்தில் தவறாக டிக் செய்துவிடாதீர்கள். அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகிவிட்டால் அது குடியேற்ற வழக்கில் பெரிய தலைவலி. "உனக்குத்தான் கிரீன் கார்டு இருக்கே, எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிக் கொடு" என்று நண்பர் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடுத்தவருக்காகத் தன் பெயரில் வாங்குவதற்கு 2022 சட்டப்படி 15 ஆண்டுவரை சிறை. ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம்.

நம் ஆட்களின் பயம் வெறும் பயம் இல்லை. வீட்டில் நகை இருக்கும் என்று தெரிந்தே இந்திய, ஆசியக் குடும்பங்களைக் குறிவைத்து மிச்சிகன், ஒஹையோ, ஜார்ஜியா, டெக்சாஸ் என்று வீடு புகுந்து கொள்ளையடித்த கும்பலின் தலைவிக்கு 2019-ல் ஃபெடரல் நீதிமன்றம் 37 ஆண்டு சிறை விதித்தது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நேராகத் துப்பாக்கிக் கடைக்கு ஓடுவது எனக்குப் புரியவில்லை. அவர்கள் தேடி வருவது நகையை. அதை பேங்க் லாக்கரில் வையுங்கள். இங்கே பல வீடுகளில் வாசல் கதவின் பூட்டு இறங்கும் தகட்டை முக்கால் அங்குல ஸ்க்ரூவில்தான் பிடித்து வைத்திருப்பார்கள், ஒரு உதையில் பெயர்ந்துவிடும். மூன்று அங்குல ஸ்க்ரூ நாலு வாங்கி மாற்றுங்கள். பத்து டாலர்கூட ஆகாது.

இதெல்லாம் செய்தாச்சு, இன்னும் வேண்டும் என்கிறீர்களா? சரி. கடைக்காரர் முதலில் பம்ப் ஷாட்கன் ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார், குழலுக்கு அடியில் உள்ள பிடியைச் சடக்கென்று பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளித் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி அது. விலை குறைவு என்பது உண்மைதான், மாவரிக் 88 போன்ற ஒன்று 250 டாலர் வாக்கில் கிடைக்கும். "அந்தச் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிடுவான்" என்ற வசனமும் கூடவே வரும். ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். அதை நம்பியா காசு போடுவது? 12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன் நீளம், தோளில் பலமாக உதைக்கும், பதற்றத்தில் பம்ப்பை முழுதாக இழுக்காமல் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பூட்டி வைக்க ஆளுயரப் பெட்டி வேண்டும். அது இல்லாத வீட்டில் ஷாட்கன் கட்டிலுக்கு அடியிலோ அலமாரி மூலையிலோ சும்மா சாய்ந்து நிற்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

அதனால் என் கணக்கு தலைகீழானது. இது எங்கே பூட்டியிருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், எந்தத் துப்பாக்கி என்பது அதற்குப் பிறகு. கட்டிலருகே சுவரிலோ மேசையிலோ போல்ட் போட்டு இறுக்கிய, பட்டன் அழுத்தித் திறக்கும் சின்ன சேஃப் என்றால் நூறு டாலருக்கு மேல் ஆகும். அதில் அடங்குவது பிஸ்டல்தான். கைரேகையில் திறக்கும் மலிவு சேஃப்களை நான் நம்புவதில்லை. பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்டது என்று 2023-ல் ஆயிரக்கணக்கானவற்றைத் திரும்பப் பெற்றார்கள், அந்த விவகாரத்தில் 12 வயதுப் பையன் ஒருவன் இறந்திருந்தான்.

பிஸ்டலில் 9 மில்லிமீட்டர் குண்டு அளவைத் தாண்டி யோசிக்க வேண்டாம். 2010-களின் நடுவில் எஃப்பிஐ 9-க்குத் திரும்பியதும் பல போலீஸ் துறைகள் பின்னாலேயே மாறின. அவர்கள் கழித்துவிட்ட, அதைவிடக் கொஞ்சம் பெரிய குண்டு போடும் பாயிண்ட் 40 காலிபர் துப்பாக்கிகள் பழைய சரக்காக மலிவாகக் கிடைக்கின்றன. உறையில் உரசிய தடம் இருக்கும், உள்ளே அதிகம் தேய்ந்திருக்காது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் குண்டு விலை அதிகம், உதையும் அதிகம். துப்பாக்கியில் மிச்சம் பிடித்ததைக் குண்டில் விட்டுவிடுவீர்கள். அதே போலீஸ் சரக்கில் 9 மில்லிமீட்டர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். புதிதாகத்தான் வேண்டும் என்றால் டாரஸ் ஜி3 மாதிரி முன்னூறு டாலர் வாக்கில் வருபவை போதும். க்ளாக் 19 அருமையானது, ஐநூறைத் தாண்டும். அதை வாங்கிவிட்டுப் பயிற்சிக்குக் காசில்லாமல் உட்காருவதற்கு அது இல்லாமலே இருக்கலாம்.

மனைவியோடு கடைக்குப் போனால் கைக்கு அடக்கமாக, சில நேரம் ரோஸ் நிறத்தில்கூட, ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம். துப்பாக்கி சின்னதாக, லேசாக ஆக ஆக உதை அதிகம், குறி வைப்பது கஷ்டம். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகப் போவதில்லையே, வீட்டில் இருக்கப் போவதுதானே? முழு அளவு வாங்குங்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் கைக்குப் படிகிறதா என்று ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆக அறுநூறில் பாதிதான் துப்பாக்கி. சேஃப், ஒரு நாள் வகுப்பு, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, பயிற்சிக்கு இருநூறு குண்டு, வீட்டில் வைக்க ஒரு பெட்டி ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழி உள்ள குண்டு), நல்ல டார்ச் ஒன்று, எல்லாம் மீதிப் பாதியில் அடங்க வேண்டும். கொஞ்சம் இழுக்கும், அடங்கும்.

அந்த டார்ச்சை வெட்டிவிடாதீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் ஆறு மாதத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கம் பிடிக்காமல் விடிகாலை மூன்று மணிக்கு இருட்டிலேயே சமையலறையை உருட்டுகிறவர் யார்? முகம் தெரியாமல் சுடக் கூடாது. குண்டு தவறினாலும் நிற்காது. நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை இது, மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. ஆளை நிறுத்தக்கூடிய எந்தக் குண்டும் அதைத் துளைத்துக்கொண்டு பிள்ளைகள் அறைக்குப் போகும். அபார்ட்மென்ட் என்றால் பக்கத்து வீட்டுக்கு.

1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் முகவரி மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் சுட்டதில் இறந்துபோனான். குற்ற வழக்கில் அவரை விடுதலை செய்தார்கள். சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். டெக்சாஸ் சட்டம் வீட்டுக்காரர் பக்கம் நிற்கும் என்று தைரியம் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது வழக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

குழந்தை கைக்கு எட்டும்படி வைப்பதும் இங்கே தனிக் குற்றம், 17 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைதான். இன்னொன்று, நம் வீடுகளில் பேசவே மாட்டோம். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. திருடன் வராமலே போகலாம், பரீட்சையும் வேலை இழப்பும் மனச்சோர்வும் எல்லா வீட்டுக்கும் வரும். வீட்டில் யாராவது அப்படி ஒரு காலத்தில் இருந்தால் இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் அது கொஞ்ச நாள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

"நீங்க என்ன வெச்சிருக்கீங்க?" என்று கீழே கேட்பீர்கள், தெரியும். சொல்ல மாட்டேன். நீங்களும் இங்கே எழுதாதீர்கள், ஊருக்குப் போகும் தேதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.