துணுக்கு என்று சொன்ன தோழருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கு அந்த வீடியோ வந்து சேர்ந்திருக்கும். கடைசியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீலப் புடவை நான்தான். "அந்த அம்மா கத்தினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கத்தவில்லை. மைக் சரியில்லை.

தோழர் ஒரு மணி நேரம் பேசினார். தலைப்பு, 'டாட்ஸ்: கூட்டாக நடந்த ஒரு பத்திரிகையின் வரலாறு'. டாட்ஸ் என்பது பெர்லினில் தொடங்கிய இடதுசாரி ஜெர்மன் தினசரி. நல்ல பேச்சு, அதை மறுக்கவில்லை. 1977-இல் மேற்கு ஜெர்மனியில் முதலாளிகள் சங்கத் தலைவர் ஷ்லையரை ஓர் ஆயுதக் குழு கடத்தியபோது அரசு கேட்டுக்கொண்டதும் பெரிய பத்திரிகைகள் எல்லாம் அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டது, அந்த ஆத்திரம் 1978 ஜனவரியில் மேற்கு பெர்லினில் இடதுசாரிகள் கூடிய டுனிக்ஸ் மாநாட்டில் 'நமக்கென்று ஒரு தினசரி' என்ற பேச்சாக மாறியது, தொடங்கியவர்களில் ஒருவரான வக்கீல் ஷ்ட்ரோபெலே, இன்னும் வராத பத்திரிகைக்கு ஆயிரக்கணக்கான பேர் முன்கூட்டியே சந்தா கட்டியது, 1979 ஏப்ரல் 17-இல் தினசரியாக வரத் தொடங்கியது. எல்லாம் சரி. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டுப் போராளிகளுக்கு ஆயுதம் வாங்க 1980 முதல் 1992 வரை வாசகர்களிடம் 47 லட்சம் மார்க்குக்கு மேல் வசூலித்ததைச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அப்புறம் கேள்வி நேரம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டைப் அடித்தவர்கள் கட்டுரைக்கு நடுவிலேயே அடைப்புக்குறி போட்டுத் தங்கள் கருத்தை எழுதினார்களே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே தோழர்?"

பதில்: "அது சுவாரசியமான துணுக்கு தோழர். நாம வரலாற்றுக்கு வருவோம்."

சிரிப்பு. வீடியோவில் கேட்கிறது.

துணுக்காம். எது துணுக்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டாட்ஸில் ஆசிரியர் குழு எழுதித் தருவதை எந்திரத்தில் அடித்து அச்சுக்குத் தயார் செய்பவர்கள் இருந்தார்கள். ஜெர்மனில் அவர்களுக்கு 'ஸெட்ஸர்' என்று பெயர், அதாவது அச்சுக் கோர்ப்பவர். இவர்கள் அந்தச் சொல்லையே வேண்டுமென்று தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி வைத்துக்கொண்டார்கள். நாம் 'கோர்ப்பவர்' என்பதைக் 'கோற்பவர்' என்று எழுதி, ஆமாம் அப்படித்தான் என்று நிற்பது மாதிரி. அடிக்கும்போது கட்டுரையாளர் சொல்வது பிடிக்கவில்லையா, அந்த வாக்கியம் முடியும் முன்பே ஓர் அடைப்புக்குறி, உள்ளே ஒரு குத்தல், கடைசியில் 'கோற்பவர்' என்று சுருக்கமாகக் கையெழுத்து. பெண்ணாக இருந்தால் அதற்கு வேறு சுருக்கம். அது அப்படியே அச்சாகி மறுநாள் காலை நாடு முழுக்கப் போகும். பாரிஸில் 1973-இல் தொடங்கிய லிபெரேஷன் பத்திரிகையிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே தட்டச்சுப் பெண்களின் குறிப்புக்கென்றே தனியாக ஒரு சுருக்கக் குறி இருந்தது.

இது எப்படி நடந்தது? எழுதுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் ஒரே சம்பளம். முடிவெடுக்கும் பொதுக்கூட்டத்தில் இருவருக்கும் இடம். சம்பளத்தில் சமம், கூட்டத்தில் சமம், பக்கத்தில் மட்டும் எதற்கு வாயை மூட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். தோழர் ஒரு மணி நேரம் 'கூட்டு' 'கூட்டு' என்றாரே, அந்தக் கூட்டு அச்சில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த அடைப்புக்குறிதான்.

"எல்லாரும் குறுக்கே பேசினால் அது பத்திரிகையா, பேருந்தா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கே எழுதியவர்களுக்கும் எரிச்சல் வரத்தான் செய்தது. உருகி உருகி எழுதிய கட்டுரைக்கு நடுவில் யாரோ ஜோக் அடித்தால் எனக்கும் வரும். சரி, வரட்டுமே.

இப்போது என் கதை. வேண்டாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

1994 முதல் நான்கு வருடம் ஒரு சிற்றிதழுக்கு டைப் அடித்தேன். பெயர் வேண்டாம், நடத்தியவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள் பட்டியலில்தான் இருக்கிறார்கள். முகப்பில் 'கூட்டு ஆசிரியர் குழு' என்று இருக்கும். இரவு எட்டு மணிக்குக் கையெழுத்துப் பிரதி வரும், சிகரெட் சாம்பலோடு. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து, புரூஃப் எடுத்து, திருத்தம் போட்டு, டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ஒரு எழுத்து தப்பாக இருந்தால் பிளேடால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சரியானதை ஒட்ட வேண்டும். 'ளு' ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவேன், பறந்துவிடும். அப்புறம் மைதாப் பசை காய்ச்சி முகவரிச் சீட்டு ஒட்டுவதும் நானும் இன்னொரு பெண்ணும்தான்.

ஒரு தடவை பீடித் தொழிலாளர் பற்றி ஒரு கட்டுரை. ஆயிரம் பீடிக்கான கூலியைக் கட்டுரையாளர் தவறாக எழுதியிருந்தார். என் அம்மா பீடி சுற்றியவர். எனக்குத் தெரியாதா? தொகையைத் திருத்திவிட்டேன். அடைப்புக்குறிகூடப் போடவில்லை, சும்மா திருத்தினேன். இதழ் வந்ததும் ரகளை. "அடிக்கிறது மட்டும்தாம்மா உன் வேலை." சொன்னவர் உழைப்புச் சுரண்டல் பற்றி அந்த இதழில் ஏழு பக்கம் எழுதியவர். அதையும் நான்தான் அடித்தேன். பிறகு சிறப்பிதழ் ஒன்று போட்டார்கள். நன்றிப் பட்டியலில் பேப்பர் கடைக்காரர் பெயர்கூட இருந்தது.

"ஆக, சொந்தப் புண்ணைச் சொறிய ஜெர்மனியை இழுக்கிறீர்கள்." ஆமாம். எல்லாரும் அவரவர் புண்ணோடுதான் கூட்டத்துக்கு வருகிறோம், தோழருக்கு மட்டும் தத்துவம் பொத்துக்கொண்டு வருகிறதாக்கும்.

இன்னொருவர் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார்: "கூட்டு முறை கடைசியில் தோற்றதுதானே? சம சம்பளம் போயிற்று, தலைமை ஆசிரியர் வந்தார், 2025 அக்டோபர் 17-உடன் வாரநாள் அச்சும் நின்றது." தகவல் சரி. சம சம்பளம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போனது உண்மை. லிபெரேஷன் இன்னும் வேகம். 1981 பிப்ரவரியில் கடையை மூடி, மே மாதம் திறந்தபோது சம்பளத்தில் மேல் கீழ் வந்துவிட்டது. ஆனால் பெர்லின் சுவர் இடிந்த பிறகு மேற்கு பெர்லினுக்கான அரசுச் சலுகைகள் போய், டாட்ஸ் தள்ளாடியபோது பெரிய முதலாளியைத் தேடலாம் என்று ஒரு கட்சி இருந்தது. வாசகர்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கமாக்குவோம் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது. 1992-இல் சங்கம் வந்தது. இன்றைக்கு இருபதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள், எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. டாட்ஸின் பரம எதிரியான, பரபரப்புச் செய்திக்குப் பேர்போன பில்ட் பத்திரிகையின் ஆசிரியரே 2009-இல் பங்கு வாங்கி உறுப்பினரானார். அவருக்கும் ஒரே ஓட்டுதான். வாரக்கடைசி இதழ் இன்னும் அச்சில் வருகிறது, மற்ற நாட்களில் திரையில். இது தோல்வி என்றால் ஜெயித்த மாற்றுப் பத்திரிகை ஒன்றைக் காட்டுங்கள். நான் வேலை பார்த்தது பதினெட்டு இதழோடு நின்றது. அங்கே ஒருவரும் குறுக்கே பேசவில்லை, எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தோம்.

டாட்ஸைக் கோயில் கட்டிக் கும்பிடவும் இல்லை. அந்தப் பொதுக்கூட்ட ஜனநாயகத்துக்குள்ளேயே 1980-இல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. செய்த பிறகுதான் பாதிக்கு மேல் இடம் பெண்களுக்கு என்ற விதி வந்தது. தோழர் பேச்சில் இதுவும் இல்லை. கேட்டிருந்தால் இதுவும் துணுக்காகியிருக்கும்.

கணினி வந்து, எழுதுகிறவர்களே அடிக்க ஆரம்பித்ததும் டைப் அடிப்பவர்கள் தேவையில்லாமல் போனார்கள். அடைப்புக்குறியும் போனது. அவர்களை யாரும் தோற்கடிக்கவில்லை. நாற்காலியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். என் நாற்காலியும் அப்படித்தான் போனது.

தோழர் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (இருக்கிறது.) கூட்டம் முடிந்து வெளியே வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க தோழர், டீ சாப்பிடுறீங்களா" என்று கேட்டார். சாப்பிட்டேன். காசும் அவரே கொடுத்தார்.

பேச்சு அப்படியே அடுத்த இதழில் கட்டுரையாக வருகிறதாம். ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கப் போவது யார் என்று விசாரித்தேன். தெரிந்த பிள்ளைதான். நேற்று ராத்திரி போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன்.