சித்திரைப் புழுக்கத்தில் ஏசி மாற்றுவது

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஏப்ரல் மாதத்தில் ஏசி பழுதானால் பெரிய கொடுமை. காற்றே இல்லை, அம்மம்மாவுக்கு இரவில் நித்திரையும் இல்லை. கொம்பிரசர் போய்விட்டதாம். சரி, அது இருக்கும் வெளி யூனிட்டை மட்டும் மாற்றலாம் என்றால் அதுவும் முடியாது. குளிராக்கும் வாயு வேறு: பழையது ஆர்22, இப்போது விற்பது பெரும்பாலும் ஆர்32. அதற்கு அழுத்தமும் அதிகம், எண்ணெயும் வேறு. இரண்டு யூனிட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அது நியாயம்தான். ஆனால் நாங்கள் காசு கட்டும்வரை கடைக்காரர் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் செப்புக் குழாய்க்குத் தனி, பூட்டுக்கூலி தனி என்று கேட்பது என்ன நியாயம்?

ஏசி பூட்டுபவர்கள் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பாவம், அவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் 14ஆம் திகதி கழியாமல் யாரும் வரமாட்டார்கள் என்பதை விற்கும்போதே கடைக்காரர் சொல்லியிருக்கலாமே! அம்மம்மாவையாவது குளிரான நுவரெலியாவில் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.