லட்சம் பேர் பார்த்தார்கள், சரி, படித்தது யார்?

இன்றைக்கும் மீட்டிங்கில் அதே பாட்டு. "அண்ணே, நல்லாத்தான் எழுதுறீங்க, ஆனா ரீச் இல்லையே." மார்க்கெட்டிங்கில் இருக்கும் தம்பி என் லிங்க்ட்இன் பதிவைத் திரையில் போட்டு, எல்லார் முன்னாலும் வெட்டி ஒட்டிக் காட்டினான். பேக்கப் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தும், அவசரத்துக்கு டேட்டாபேஸைத் திரும்ப ஏற்ற முடியாமல் ஆறு மணி நேரம் திண்டாடிய கதையை எழுதியிருந்தேன். என்ன எரர் வந்தது, எங்கே கோட்டை விட்டோம், எந்தக் கமாண்ட் கடைசியில் கைகொடுத்தது, எல்லாம் படிப்படியாக. அவன் திருத்தியது இப்படித் தொடங்கியது: "அன்று இரவு நான் அழுதேன்." அப்புறம் ஒரு வெற்று வரி. "யாரிடமும் சொல்லவில்லை." மறுபடி வெற்று வரி. நான் எப்போதப்பா அழுதேன்? லாக் ஃபைலை வரி வரியாகத் துழாவிக்கொண்டிருந்தவனுக்கு அழ நேரம் ஏது?

அந்த வெற்று வரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பதிவுகள் வரிசையாக ஓடும் ஃபீடில் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதிக்கு 'மேலும்' என்பதைத் தட்ட வேண்டும். வெற்று வரி விட்டால் விஷயம் அதற்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு பதிவில் ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும், எதை மேலே காட்டுவது என்று வரிசைப்படுத்தும்போது பார்க்கிறோம் என்று லிங்க்ட்இன் பொறியாளர்களே 2020-இல் எழுதினார்கள். லைக் போடாமல் அமைதியாகப் படித்துவிட்டுப் போகிறவரும் கணக்கில் வரட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நம் ஆட்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது, இல்லாத கண்ணீரை வரிக்கு இரண்டு சொல்லாகச் சொட்டவிடுவதை.

சரி, எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த 'இம்ப்ரஷன்' என்னவென்று யாராவது பார்த்தார்களா? பதிவில் பாதியாவது திரையில் 300 மில்லி விநாடி தெரிந்தால் போதும், ஒன்று ஏறிவிடும். கண்ணிமைக்கிற, கை நொடிக்கிற நேரத்தை நம் இலக்கணம் மாத்திரை என்கிறது. ஒரு மாத்திரை நேரம் உன் பதிவு யாரோ ஒருவர் கட்டைவிரலுக்குக் கீழே ஓடியதற்குப் பெயர் 'பார்வை'. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, அதையே இன்னொரு பதிவாக்குகிறார்கள்!

எனக்கும் ஒருமுறை அடித்தது யோகம். மீட்டிங்குகளைக் கிண்டலடித்து நாலு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், விடிந்தால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு நாள் போனைக் கீழே வைக்கவில்லை. வந்தவர்கள் யார்? இன்சூரன்ஸ் விற்கிறவர், 'பர்சனல் பிராண்டிங்' கற்றுத்தரக் கூப்பிடுகிறவர், வேலை கேட்டு பயோடேட்டா அனுப்பிய பாவப்பட்ட பிள்ளைகள், "ஹாய்" மட்டும் சொல்லிவிட்டு மறைந்தவர்கள் ஐம்பது பேர். டேட்டாபேஸ் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் ஒருவர்கூட இல்லை. வந்த கோரிக்கையை எல்லாம் அசட்டுத்தனமாக ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு வேலை சம்பந்தமாக எது எழுதினாலும், அதில் ஆர்வமே இல்லாத அந்தக் கூட்டத்தின் முன்னால் போய் விழுகிறது, அவர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள், பதிவு அங்கேயே படுத்துவிடுகிறது.

இந்த லட்சணத்தில் வாட்ஸ்அப் குரூப் வேறு. "போஸ்ட் போட்டாச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள கமெண்ட் பண்ணுங்க, பத்து வார்த்தைக்குக் குறையாம." உடனே ஒருவர் "மிக ஆழமான பார்வை" என்கிறார், பதிவு போட்டு நாற்பது நொடிகூட ஆகவில்லை. ரியாக்‌ஷன் கேட்டு நச்சரிக்கும் பதிவுகளை இனி மேலே தூக்கிவிட மாட்டோம் என்று லிங்க்ட்இன்காரர்கள் 2022-இல் அறிவித்தார்கள். அதனால் என்ன, நம் ஆட்கள் கேட்பதை இப்படி வாட்ஸ்அப்பில், கொல்லைப்புறமாகக் கேட்கிறார்கள்.

எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். இதே வேலையில், இதே எரரில் சிக்கி விழிக்கிற முப்பது நாற்பது பேருக்கு என் பெயர் தெரிந்தால் போதும், அடுத்த புராஜெக்ட்டுக்கு ஆள் தேடும்போது "அந்த பேக்கப் விஷயத்தை எழுதினாரே, அவரைக் கேட்டுப் பாருங்க" என்று ஒருத்தர் சொன்னால் போதும். இதைச் சொன்னால் தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான், எட்டாத பழம் புளிக்கும் என்கிற மாதிரி. எட்டிப் பறித்துத் தின்றுவிட்டுத்தானடா சொல்கிறேன்!

அவன் கேலி செய்த அந்தப் பதிவுக்கு மொத்தம் நானூற்றுச் சொச்சம் பார்வை, ஒன்பது லைக், அதில் ஒன்று என் தங்கச்சி. மீட்டிங் முடிந்து கடுப்போடு போனைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெசேஜ். வணக்கம்கூடச் சொல்லவில்லை மனுஷன். "மூணாவது ஸ்டெப்ல இருக்கிற கமாண்ட்ல ஒரு ஹைஃபன் விட்டுப்போச்சு, அதைச் சேர்த்தாதான் ஓடுது. சேர்த்து ஓட்டிட்டேன், டேட்டா வந்துடுச்சு."

போய்ப் பார்த்தேன். ஆமாம், விட்டுத்தான் போயிருந்தது. திருத்திவிட்டேன்.