மருந்து இலவசம், மலைப் பயணம் யார் செலவு?

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளுக்கும் அரசு ஒன்றுமே செய்வதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீலகிரி மாவட்டத்தில் பண்டலூர் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையும் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். இதெல்லாம் உண்மை. இவற்றால் பிழைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த உதவிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகின்றன. அந்த வாசலுக்குப் போய்ச் சேர ஆகும் செலவைப் பெரும்பாலும் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் ஆதங்கம் முழுக்க அதுதான்.

சேரம்பாடியில் இருக்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கிற வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை பஸ் பிடித்து கூடலூர் வர வேண்டும். அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் மலை ஏறினால்தான் ஊட்டி. ஜூன், ஜூலை மழையில் எங்கே மரம் விழும், எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் இருட்டிவிடும். அன்றைய கூலி போச்சு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளிக்கு லீவு போடுகிறாள். ஒரு பிள்ளையின் வைத்தியத்துக்காக இன்னொரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது. கோவைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இரவு தங்கும் செலவும் சேர்ந்துகொள்ளும். பிசியோதெரபி என்றால் ஒரு தடவையோடு முடிகிற விஷயமும் இல்லை. "அடுத்த தடவை எப்பம்மா போறீங்க?" என்று கேட்டால், "சம்பளம் போடட்டும் டீச்சர்" என்கிறார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் பஸ் சலுகை உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அந்த அட்டையை வாங்குவதற்கு அலைகிற பயணங்களுக்கு எந்தச் சலுகை இருக்கிறது? நான் கூட்டிக்கொண்டு போன ஒரு முகாமில், குறிப்பிட்ட டாக்டர் வரவில்லை என்று சொல்லி அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். போதாக்குறைக்கு, விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் மாற்றுத்திறன் சான்று தர வேண்டும் என்றிருந்த விதியை 2024-இல் மூன்று மாதமாக நீட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு கல்வியாண்டின் உதவித்தொகையையே பறித்துவிடக்கூடிய காலம்.

சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்த ரத்த நோயை முதன்முதலில் கண்டறிந்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் இது இடம்பெற 2016 வரை, அதாவது 64 ஆண்டுகள், ஆனது. 2023-இல் தேசிய ஒழிப்புத் திட்டமும் தொடங்கினார்கள். சந்தோஷம். ஆனால் வகுப்பறையில் நான் பார்ப்பது வேறு. குளிர் இறங்கினால் இந்தப் பிள்ளைகளுக்குக் கை கால் வலி தொடங்கிவிடும், சில நாள் எழுந்திருக்கவே முடியாது. வலி இல்லாத நாளில் மற்றவர்களோடு சேர்ந்து ஓடி விளையாடும். அப்படி ஒரு நாளில், சான்று தரும் மருத்துவக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்? குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட, எத்தனை முறை சிகிச்சை எடுத்தது, எத்தனை முறை ரத்தம் ஏற்றியது என்று பழைய சீட்டுகளைப் பார்க்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீட்டிலேயே வலியில் சுருண்டு கிடந்த பிள்ளைக்குச் சீட்டு எங்கிருந்து வரும்? சீட்டு இல்லாததால் 40 சதவீதம் வராது. 40 வராவிட்டால் உதவித்தொகை இல்லை, பஸ் சலுகையும் இல்லை. மறுபடி வலி வந்தாலும் அந்தப் பிள்ளை வீட்டில்தான் கிடக்கும்.

சரி, 40 சதவீதம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. வீட்டிலிருந்து வந்து படிப்பவருக்கு மாதம் 500, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000, அப்புறம் மாற்றுத்திறன் படி ஆண்டுக்கு 2,000 ரூபாய், பார்வைக் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு மட்டும் 4,000. ஆனால் இதை வாங்குபவர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று விதி. பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளை பழங்குடியினருக்கான உதவித்தொகையும் வாங்கிக்கொண்டிருந்தால், இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். இந்த விதி எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. பழங்குடியாகப் பிறந்ததால் வந்த ஏழ்மை வேறு, உடம்புக்கு வந்த குறை வேறு. இரண்டையும் சுமக்கிற பிள்ளையைப் பார்த்து "ஒன்றுக்குத்தான் காசு" என்பது அநியாயம்.

பயணச் செலவு கொடுக்கும் வழக்கம் அரசுக்குப் புதிதல்ல. அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளில் இருக்கும் காசநோயாளிகளுக்குப் பயணத்துக்கென்றே 750 ரூபாய் தருகிறார்கள். மலையில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பணம் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதே யோசனையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொண்டுவரலாம். பிள்ளையின் ஓபி சீட்டை ஆதாரமாக வைத்து, பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். சிக்கிள் செல் பிள்ளைகளுக்கு இதில் 40 சதவீதக் கணக்கே வேண்டாம், ரத்தப் பரிசோதனை முடிவு போதும். மருத்துவக் குழு மாதம் ஒரு நாள், எல்லா டாக்டர்களோடும், பண்டலூருக்கும் கோத்தகிரிக்கும் வரட்டும். கட்டணமில்லாப் பேருந்து சமவெளிப் பெண்களுக்கு 2021-இல் கிடைத்தது, மலைக்கு அதை நீட்டிக்க 2024 ஆனது. இதற்கும் அப்படிக் காத்திருக்க வைக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு தகவல். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நிரமயா என்ற மத்திய அரசுக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் வரை. ஆஸ்பத்திரியில் சேராமலேயே வெளிநோயாளிச் செலவு, தெரபி, ஓரளவு போக்குவரத்துக்கும் அதில் பணம் கிடைக்கும். நம் பக்கத்தில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் உங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரிடம் கேளுங்கள், இல்லையென்றால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.