இதுல எது புள்ள சரியான நம்பர்?

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், ஃபோன் என்பது டோர்ச் லைட்தான், ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றாலும் மாரியம்மன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். பெரியம்மாவின் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான், தன் அம்மாவின் கணக்குக்குக் காசு போட்டிருந்தான். வந்துவிட்டதா என்று பார்க்க நானும் பெரியம்மாவும் மேட்டுக்கு ஏறி வங்கி ஆப்பைத் திறந்தோம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள், எந்த வங்கியாக இருந்தாலும் இதே கதைதான்.

பாஸ்வேர்ட் போட்டதும் ஒரு பெட்டி வந்தது. "சாதனத்திற்கு அனுப்பப்பட்ட ஒருமுறை கடவுச்சொல்லை உள்ளிடவும்." அதன் கீழே 60, 59, 58 என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பெரியம்மா நிதானமாகத் தன் பழைய பாஸ்வேர்டையே திரும்பவும் அடித்தார். தப்பு என்று சிவப்பில் வந்தது. நான் சிரித்துவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது, அவர் செய்ததில் என்ன பிழை? கடவுச்சொல் கேட்டார்கள், கடவுச்சொல்லைக் கொடுத்தார். "எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க நம்பர்" என்று எழுதியிருந்தால் அவருக்கு யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

எஸ்எம்எஸ் வரவில்லை. நேரம் முடிந்தது. "மீண்டும் அனுப்பு" என்பதை அமுக்கினோம், திரும்பவும் வரவில்லை, திரும்பவும் அமுக்கினோம், கோயிலுக்குப் பின்பக்கம் போய் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் மழை விட்டதும் காலில் அட்டை ஏறுகிற மாதிரி நாலு எஸ்எம்எஸ் ஒன்றாக வந்து ஒட்டின. நாலிலும் ஒரே இங்கிலீஷ் வசனம், நம்பர் மட்டும் வேறு. நாலும் வந்த நேரம் ஒன்று. பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"இதுல எது புள்ள சரியான நம்பர்?"

நான் கொழும்பில் ஒரு சாஃப்ட்வேர் கம்பனியில் ஸ்கிரீன்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறேன். எனக்கே தெரியவில்லை. கடைசியாக அனுப்பியதுதான் செல்லும், ஆனால் நெருக்கடியில் சிக்கிய எஸ்எம்எஸ்கள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏற்கெனவே ஒரு தப்பு கணக்கில் இருந்தது. இன்னும் இரண்டைப் போட்டுப் பார்த்தோம், கணக்கு பூட்டிக்கொண்டது. "கிளையை நாடவும்."

கிளை ஹட்டனில். லீவு முடிந்து பெரியம்மாவும் நானும் பஸ் ஏறிப் போனோம், அவருக்கு அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. கவுண்டரில் இருந்தவர் பெரியம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஆப் பாவிக்கத் தெரியாட்டி பாஸ்புக்கோட இருந்திருக்கலாமே" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த 60 விநாடி. ஓடிபி, அதாவது அந்த ஒருமுறை கடவுச்சொல், என்றால் குறுகிய நேரம்தான் பாதுகாப்பு என்று எங்கள் கம்பனியிலும் பலர் நினைக்கிறார்கள். இந்தப் பழக்கம் ஓடிபியை ஃபோனிலேயே உருவாக்கிக் காட்டும் ஒத்தென்டிகேட்டர் ஆப்களைப் பார்த்து வந்ததோ என்று எனக்கொரு சந்தேகம். அவற்றுக்கான தரநிலை 2011 இல் வந்தது, 30 விநாடிக்கு ஒருமுறை நம்பரை மாற்றச் சொல்கிறது. ஆனால் அங்கே நம்பர் எங்கிருந்தும் வருவதில்லை, ஃபோன் தன் மணிக்கூட்டைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது, சிக்னலே தேவையில்லை. எஸ்எம்எஸ் டவர் டவராகத் தாவி மலை ஏறி வர வேண்டும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியே இப்படி அனுப்பும் நம்பருக்கு 10 நிமிடம் வரை இடம் கொடுத்தது. 6 இலக்கம் என்றால் 10 லட்சம் சாத்தியங்கள். கள்ளனைத் தடுப்பது எத்தனை தடவை தப்பாக அடிக்க விடுகிறோம் என்பதுதான், நேரத்தை 1 நிமிடமாகச் சுருக்குவதால் அவனுக்குப் பெரிய நட்டமில்லை. மேட்டில் நிற்கும் பெரியம்மாவுக்குத்தான் நட்டம்.

"மீண்டும் அனுப்பு" என்றால் நேரம் முடியாத வரைக்கும் அதே நம்பரையே திரும்ப அனுப்பலாமே? எது முதலில் வந்தாலும் சரியாகிவிடும். இல்லை, புது நம்பர்தான் அனுப்புவோம் என்றால் ஸ்கிரீனில் ஒரு அடையாளம் காட்டுங்கள், "3ஆவது எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள்" என்று, எஸ்எம்எஸ்ஸிலும் அதே 3 இருக்கட்டும். நம்பர் எந்த ஃபோனுக்குப் போயிருக்கிறது என்பதையும் கடைசி 3 இலக்கத்தோடு காட்டுங்கள். இது எதற்கும் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம்.

இன்னொரு கொடுமை, விலை குறைந்த ஃபோன்கள். எஸ்எம்எஸ்ஸைப் பார்க்க வெளியே போய்த் திரும்பினால் ஆப் முதலிலிருந்து திறக்கிறது, போட்ட பாஸ்வேர்ட் போச்சு, கையில் இருக்கும் நம்பரும் வீண். ஐஃபோனில் 2018 இலேயே, ஐஓஎஸ் 12 உடன், எஸ்எம்எஸ்ஸில் வந்த நம்பரை கீபோர்டுக்கு மேலேயே எடுத்துக் காட்டும் வசதி வந்துவிட்டது, ஆண்ட்ராய்டிலும் இதற்கு வழி இருக்கிறது. இருந்தும் அழகுக்காக ஆறு தனிப் பெட்டி வைத்து, பேஸ்ட் பண்ணவும் விடாமல், கொழுந்து பறித்து வெடித்த விரலால் ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்கிறார்கள்.

சரி, எஸ்எம்எஸ் ஏன் தமிழில் வருவதில்லை? 1987 இல் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஆனால் எஸ்எம்எஸ்ஸுக்குத் தன் கணக்கு இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழிலோ சிங்களத்திலோ போனால் 70 தான், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். அதைத் தாண்டினால் இரண்டாக உடையும், காசும் இரட்டிப்பு. அதனால் "தமிழில் எழுதினால் நீளும்" என்று எங்கள் மீட்டிங்கிலும் முடித்துவிட்டார்கள். நீளுவது மொழியால் இல்லை, அலுவலக வசனத்தால். நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"482913. ரூ.5000 வெளியே போகப் போகிறது. யாருக்கும் சொல்ல வேண்டாம்."

இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 64. இன்னும் 6 மிச்சம்.

அந்த ரூ.5000 ஐ வேண்டுமென்றே போட்டேன். இந்த வேலைக்கு வருமுன் ஹட்டனில் ஒரு கொமியுனிகேஷனில் இருந்தேன், ரீலோட் போடுவது, ஃபோட்டோ கொப்பி, ஃபோர்ம் நிரப்புவது. ஒருநாள் ஓய்வு பெற்ற ஒரு தாத்தா வந்து ஃபோனை நீட்டினார். யாரோ தமிழில் மரியாதையாகப் பேசி, பரிசு விழுந்திருக்கிறது, வரும் நம்பரைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான், சொல்லிவிட்டார். ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமலாப நிதிக் காசில் பெரிய பங்கு போய்விட்டது. எஸ்எம்எஸ்ஸைத் திறந்து பார்த்தேன். நம்பர் இருந்தது, யாருக்கும் சொல்லாதே என்று இங்கிலீஷில் இருந்தது, அந்த நம்பர் எதைத் திறக்கும் என்பது மட்டும் இல்லை. உள்ளே நுழைவதற்கும் காசை வெளியே அனுப்புவதற்கும் ஒரே வசனம். ஐரோப்பாவில் 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இணையத்தில் காசு அனுப்பும்போது தொகையும் யாருக்குப் போகிறது என்பதும் அனுப்புகிறவர் கண்ணில் பட வேண்டும், அந்த ஓடிபியும் அந்தத் தொகைக்கு மட்டும்தான் செல்ல வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸில் தொகை மட்டும் தமிழில் இருந்திருந்தால், தாத்தா பரிசுக்காரனிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

அதோடு, "யாருக்கும் சொல்லாதீர்கள்" என்பதை எங்கள் ஊரில் யார் கடைப்பிடிக்க முடியும்? சிம் மகன் பெயரில், ஃபோன் மருமகளிடம், கணக்கு அம்மாவுக்கு. நம்பர் கொழும்புக்குப் போகும், மகன் கோல் எடுத்து வாசித்துச் சொல்லுவான், இங்கே அம்மா கொமியுனிகேஷன் பொடியனிடம் சொல்லுவார், அவன் அடிப்பான். நானே ஒரு நாளைக்கு எத்தனை பேரின் நம்பரை வாங்கி அடித்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு ஓடிபி என்பதே ஃபோனில் ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்லும் நம்பர்தான். அப்படிப் பழகியவரிடம் கள்ளன் கேட்கும்போது அது புதுக் கேள்வியாகவே இருக்காது. ஒரு ஃபோன், ஒரு ஆள், ஒரு கணக்கு என்று நினைத்து வரைந்த ஸ்கிரீன் இது. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பை மட்டும் பார்க்கும் அனுமதி கொடுக்க ஒரு வழி இருந்தால், பாதிப் பேர் இந்த நம்பர் விளையாட்டுக்கே வர மாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை மறைப்பது சரியில்லை. அன்று ஹட்டன் கிளையில் கணக்கைத் திறந்து கொடுக்கும்போது எந்த ஃபோன் நம்பரைப் பதிய என்று கேட்டார்கள். பெரியம்மா யோசிக்கவே இல்லை, "புள்ளையோடதப் போடுங்க, கொழும்புல எப்பவும் சிக்னல் இருக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். நேற்று ஒரு மீட்டிங் நடுவில் ஃபோன் அதிர்ந்தது, அடுத்த நிமிடமே பெரியம்மாவின் கோல். எழும்பி வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். எதற்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.